கடாரத்துப் படையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வணக்கம் அண்ணே. நான் பட்டர்வொர்த்காரன், வயது 26, பிறையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். கோலாலம்பூரில் நண்பன் வீட்டில், மேசைமேல் குட்டி உருவங்களைப் படையாக நிறுத்திப் பகடை உருட்டி ஆடுகிற மினியேச்சர் போர் விளையாட்டைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. கடைப் பெட்டியில் இருக்கிற படத்தை அப்படியே காப்பி அடிக்காமல், நம்முடையது என்று சொல்லும்படி ஒரு கற்பனைப் படை வேண்டும். ராஜேந்திர சோழன் கடாரத்தின் (இன்றைய கெடா) மேல் படையெடுத்ததை வைத்துச் செய்ய ஆசை: யானைகள், கப்பல் வீரர்கள், நாகர்கள், பூதங்கள், தளபதியாக எங்கள் குலதெய்வம் முனீஸ்வரர். அந்தக் கடைசி விஷயம் மட்டும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. உருவங்களின் பலத்துக்குப் புள்ளி போட்டுச் சேர்க்கிற 2000 புள்ளிப் படைக்காக 800 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். திரீடி பிரிண்டர் வாங்கி எல்லாவற்றையும் நானே அச்சடித்துக்கொள்ளலாமா? எதில் தொடங்குவது?

பதில்: தம்பி, அந்த 800 வெள்ளியை இன்னும் ஒரு மாதத்துக்குத் தொட வேண்டாம். உங்களோடு விளையாட யார் இருக்கிறார்கள், அவர்கள் எந்த விதிமுறையில் ஆடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. நான் காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களின் படைகளுக்குச் சாயம் அடிக்கிறவன். அழகாக முடித்துக் கொடுத்த பிறகும் மேசைக்கே போகாமல் அலமாரியில் நிற்கும் படைகள் நிறைய உண்டு. விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: ஊரில் எல்லோரும் ஓர் ஆட்டம் ஆட, இவர் வேறொன்றுக்குப் படை சேர்த்திருப்பார். ஒரு சனிக்கிழமை பாலத்தைத் தாண்டிப் பினாங்குத் தீவுக்குப் போங்கள், இந்த மாதிரி விளையாட்டு நடக்கிற கடையைத் தேடிப் பிடித்து ஓரமாக நின்று பாருங்கள். சந்தேகம் கேட்டால் போதும், விளக்கம் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இருக்காது. நிறுத்துவதுதான் கஷ்டம்.

கற்பனைப் படை என்றாலே பலருக்கு கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் ஏஜ் ஆஃப் சிக்மார்தான் நினைவுக்கு வரும். அது 2015இல் வந்தது. அதற்கு முன்பிருந்த வரிசைப் படை ஆட்டம் 2024இல் ஓல்ட் வேர்ல்ட் என்ற பெயரில் திரும்ப வந்தது. இரண்டும் நல்ல ஆட்டங்கள், ஆள் கிடைப்பதும் சுலபம். ஆனால் அவற்றின் படைப்பிரிவுகள் அந்த நிறுவனம் விற்கிற உருவங்களை ஒட்டியே எழுதப்பட்டவை. நண்பன் வீட்டு மேசையில் எதை வைத்தாலும் கேள்வி இல்லை. அவர்களுடைய சொந்தக் கடையில் ஆடுவதென்றால் பொதுவாக அவர்களுடைய உருவங்கள்தான் வேண்டும். உங்கள் ஆசைக்கு அது சட்டை கொஞ்சம் இறுக்கம்.

எந்தக் கம்பெனி உருவமும் ஏற்றுக்கொள்கிற விதிமுறைகள் இருக்கின்றன. மேன்டிக்கின் கிங்ஸ் ஆஃப் வார் அதில் ஒன்று. அதில் ஒரு பட்டாளம் மொத்தமாகவே நகரும், மொத்தமாகவே விழும். செத்த வீரனை ஒவ்வொருவனாக எடுத்து ஓரத்தில் வைக்கிற வேலை இல்லை. அதனால் இருபது பேரைத் தனித்தனி பேஸில் (உருவம் நிற்கிற அடித்தட்டு) ஒட்டாமல், ஒரே அகலப் பலகையில் காட்சிபோல நிறுத்தலாம். இன்னொன்று டிராகன் ராம்பண்ட். 24 புள்ளிதான் ஒரு படை. ஒரு பிரிவுக்கு ஆறு அல்லது பன்னிரண்டு பேர். பெரிய மிருகம் என்றால் ஒரே உருவம் ஒரு பிரிவுக்குச் சமமாக நிற்கலாம். ஆக, மூன்று பிரிவு காலாட்கள், இரண்டு யானைகள், ஒரு தலைவன் என்று நாற்பது உருவத்துக்குள் முழுப் படையே முடிந்துவிடும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதில்தான் தொடங்குவேன். 2000 புள்ளி என்ற எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அந்த எண்ணைத் துரத்துகிறவர் வீட்டில் பிரிக்காத பெட்டிகள்தான் அடுக்கி இருக்கும்.

சரி, கடாரத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் நான்கு படைகளுக்கான சரக்கு இருக்கிறது. யானை, மாலுமி, நாகர், பூதம் எல்லாவற்றையும் ஒரே மேசையில் கொட்டினால், எதிரில் நிற்பவருக்குக் கண்காட்சி பார்த்த மாதிரி இருக்குமே தவிர ஒரு படையைப் பார்த்த மாதிரி இருக்காது. தீம் என்றால் அதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். அந்த வாக்கியத்துக்குள் வராத உருவம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும், வாங்கக் கூடாது.

அந்த வாக்கியத்துக்கு ராஜேந்திரனுடைய மெய்க்கீர்த்தியிலேயே, அதாவது அவன் வெற்றிகளைப் புகழ்கிற கல்வெட்டுப் பாட்டிலேயே, இடம் இருக்கிறது. 1025 வாக்கில் நடந்த படையெடுப்பு அது. தஞ்சைப் பெரிய கோவிலில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அலைகடல் நடுவே பல கலம் செலுத்தியதும், கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மனை அவனுடைய யானைகளோடு பிடித்ததும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த வரிகளை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அவன் நகரத்துப் போர்வாசலில் இருந்த விச்சாதிரத் தோரணமும் (வாசலின் அலங்கார வளைவு) மணி பதித்த கதவுகளும் வெற்றிக் கணக்கில் வருகின்றன.

நாம் எல்லோரும் கப்பலில் நின்றுகொண்டுதான் இந்தக் கதையைக் கேட்கிறோம். ஆனால் நீங்கள் குடியிருப்பது வாசலுக்கு உள்ளே இருக்கிற ஊர்ப்பக்கம். ஜெராய் மலையடிவாரமும் பூஜாங் பள்ளத்தாக்கும் உங்களுக்கு வடக்கே கூப்பிடு தூரம். உள்ளே நின்று பாருங்கள். தோரணம் போய்விட்டது. அதைக் காத்து நின்றவர்களைக் கலைந்து போகச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. செத்தும் அதே இடத்தில் நிற்கிறார்கள். இதுதான் என் யோசனை: பறிபோன வாசலை இன்னும் காக்கிற செத்த படை.

இதை வைத்துக்கொண்டால் எது வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகவே தெரிந்துவிடும். கேடயம் பிடித்த காலாட்கள் வேண்டும். குதிரைப்படை வேண்டாம், பறக்கிற எதுவும் வேண்டாம், நாகர்கள் வேறொரு நாளைக்கு. ஆட்ட முறையும் முடிவாகிவிட்டது: மெதுவாக நகரும், லேசில் கலையாது. கற்பனைப் போர் விதிமுறைகளில் பெரும்பாலும் செத்தவர் படைக்கு ஒரு வழி இருக்கும், அதை எடுத்துக்கொள்ளலாம். யானைகளைத்தான் சோழன் பிடித்துக்கொண்டு போய்விட்டானே என்பீர்கள். இவை பிடிபடாமல் செத்தவை! அப்புறம், கையில் மலாய்க்காரர்களின் கிறிஸ் கத்தி கொடுக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். இன்று நாம் பார்க்கிற வடிவம் அந்தக் காலத்துக்குப் பிந்தியது. ஆனாலும் எலும்புக்கூடு எழுந்து நடக்கிற இடத்தில் கத்திக்கு வயது பார்ப்பவர் யாரும் இல்லை. தலைவன் ஒருவன் இடுப்பில் செருகினால் நன்றாகவே இருக்கும்.

முனீஸ்வரர் விஷயத்தில் நான் அம்மா பக்கம். பக்திக்காக மட்டும் சொல்லவில்லை. மேசையில் தளபதி அடி வாங்குவார், சாவார், பகடை உருண்டு வந்து அவர்மேல் விழும், எதிராளி இரண்டு விரலால் தூக்கி ஓரத்தில் வைப்பார். வருஷா வருஷம் திருவிழா எடுத்துக் கும்பிடுகிற சாமியை அந்த இடத்தில் வைத்தால் உங்களுக்கே கை கூசும். ஒருவேளை உங்களுக்குக் கூசாமல் போகலாம், பார்க்கிற நம் ஆட்களுக்குக் கூசும். வாசல் காக்கிற படைக்குத் துவாரபாலகர் தோரணையே பொருத்தம். பெரிய கோவில்களில் கவனித்திருப்பீர்கள்: உருட்டு விழி, கோரைப்பல், கதாயுதத்தின் மேல் தூக்கி வைத்த ஒரு கால், எச்சரிக்கிற ஒரு விரல். கொஞ்சம் பெரிய உடம்புள்ள உருவம் ஒன்றை எடுத்து, காலை முட்டிக்கு மேல் வெட்டித் திருப்பி, கீழே ஒரு கதாயுதத்தை வைத்துவிட்டால் தூரத்திலிருந்தே யார் என்று தெரியும். இடைவெளியை எபாக்ஸி மாவால் நிரப்புங்கள். இரண்டு நிறத்தைப் பிசைந்து பச்சையாக வருமே, அதுதான். விரலில் ஒட்டாமலிருக்கத் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள்.

எலும்புக்கூடுகளை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஓல்ட் வேர்ல்டில் வருகிற டூம் கிங்ஸ் (Tomb Kings, கல்லறை அரசர்கள்) படை அழகுதான். ஆனால் தலைக்கவசத்திலிருந்து தேர்ச் சக்கரம் வரை எல்லாமே எகிப்து. அதைச் செதுக்கி எடுப்பதற்குள் ஆசையே போய்விடும். வேலைப்பாடு குறைவான, வெறும் எலும்பும் கந்தல் துணியுமாக இருக்கிற பிளாஸ்டிக் கூடுகள் வார்கேம்ஸ் அட்லான்டிக், மேன்டிக் போன்றவர்களிடம் இருக்கின்றன. விலையும் ஒப்பிட்டால் குறைவு. அவற்றின்மேல் நீங்கள் செய்ய வேண்டிய மாற்றம் ஒன்றே ஒன்று, ஆனால் எல்லா உருவத்திலும் அது இருக்க வேண்டும். மண்டை ஓட்டின் பின்னால் எபாக்ஸி மாவில் மிளகு அளவு உருட்டி ஒட்டி, ஊசியால் நாலு கோடு இழுத்தால் கொண்டை. நாற்பது பேருக்கும் கொண்டை இருந்தால் அதுவே சீருடை.

யானை வாங்குவதற்கு முன் காதைப் பாருங்கள். வரலாற்றுப் போர்களுக்காக விற்கிற போர்யானைகளில் கார்த்தேஜ் படைக்கானவை ஆப்பிரிக்கக் காதோடு வரும்: தோளை மூடுகிற பெரிய காது, நடுவில் பள்ளமான முதுகு. நம் யானைக்குக் காது சிறியது, முதுகு வளைந்து உயரும், நெற்றியில் இரண்டு மேடு. சின்ன வித்தியாசம்போலத் தெரியும். நம் ஆட்கள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், கோவில் யானைப் படமாவது பார்க்காதவர் யார்? பொம்மைக் கடையில் விற்கிற ரப்பர் யானைகூடப் போதும், அளவு சரியாக இருந்தால். 28 மில்லிமீட்டர் உருவங்கள் ஏறத்தாழ 56இல் ஒரு பங்கு. வளர்ந்த ஆண் யானை தோள்வரை 2.8 மீட்டர் என்று வைத்தால் பொம்மை 5 சென்டிமீட்டர் உயரம் வர வேண்டும். ஸ்கேலைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பொம்மை யானையைச் செத்த யானையாக்க, விலாப் பக்கம் கத்தியால் திறந்து உள்ளே எலும்பு காட்டினால் போதும், முழுக்கச் செதுக்க வேண்டாம்.

பிரிண்டர் இப்போது வேண்டாம். ரெசின் பிரிண்டர் என்றால் மெஷின் விலையோடு செலவு நிற்காது. கையுறை, முகமூடி, கழுவ ஆல்கஹால், காய வைக்க யூவி விளக்கு, இதெல்லாம் தவிர காற்றோட்டமான தனி இடம் வேண்டும். காயாத ரெசின் தோலுக்கு ஆகாது, அதன் ஆவியும் ஆகாது. அடுக்குமாடி வீட்டில், சமையலறையை ஒட்டிய அறையில், ஜன்னலை மூடி ஏர்கோன் போட்டுக்கொண்டு செய்கிற வேலை இல்லை அது. கழுவின ஆல்கஹாலை சிங்க்கில் ஊற்றவும் கூடாது. உங்களுக்கு அச்சில் தேவைப்படுவது தோரணத்தின் உடைந்த தூண்கள், யானை மேல் அம்பாரி, அவ்வளவுதான். திரீடி வடிவக் கோப்பு ஒன்றை வாங்கி, அச்சடித்துக் கொடுப்பவரிடம் கொடுத்தால் முடிந்தது. ஆனால் கோப்பின் உரிமத்தைப் படித்துப் பாருங்கள். பல வடிவமைப்பாளர்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று போட்டிருப்பார்கள்.

சாயத்துக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த இடம். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும், விடியற்காலையில் ரொம்பவே அதிகம். அந்த நேரத்தில் சாயத்துக்கு அடிப்பூச்சான பிரைமரை ஸ்பிரே அடித்தால் மேல்பரப்பு மணல் தூவின மாதிரி சொரசொரப்பாகிவிடும். காலை பதினொன்றுக்கு மேல், மழை மேகம் கட்டுவதற்கு முன், வெளியில் வைத்து ஒரு சாண் தள்ளி, விட்டு விட்டு அடியுங்கள். நாள் முழுக்க மழை என்றால் தூரிகையால் பூசுகிற பிரைமர் இருக்கிறது, நேரம் ஆகும், ஆனால் கெடாது. சாயத்தைக் காக்கக் கடைசியில் அடிக்கிற, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் இன்னும் மோசம். ஈரக் காற்றில் வெள்ளையாகப் பனி படர்ந்து மாதக் கணக்கில் செய்த வேலையை மூடிவிடும். அதை மட்டும் எந்தக் காலத்திலும் ஸ்பிரேயாக வாங்காதீர்கள், தூரிகையில் பூசுகிறதை வாங்குங்கள். சூப்பர் குளூவுக்கு ஈரம்தான் உணவு, இங்கே சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கூடவே மூட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கும், அதனால் ஒரு துளிக்கு மேல் வேண்டாம். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் சேர்க்கும்போது பிளாஸ்டிக் பசைதான்; அது இரண்டையும் இளக்கி ஒன்றாக்கிவிடும்.

எலும்புக்கு நான் சொல்கிற வழி சோம்பேறி வழி. தந்த நிறத்தில் பிரைமர், மேலே முழுக்கப் பழுப்பு வாஷ் (பள்ளங்களில் தேங்குகிற நீர்த்த சாயம்), காய்ந்ததும் வெளிர் தந்தத்தில் டிரை பிரஷ். தூரிகையில் சாயம் தொட்டு, டிஷ்யூவில் துடைத்து, இனி ஒன்றுமே இல்லை என்று தோன்றும்போது உருவத்தின்மேல் தேய்க்க வேண்டும். விலா எலும்பின் விளிம்பு மட்டும் வெளுக்கும். வேல், வாள், கேடயக் குமிழ் எல்லாம் வெண்கல நிறம். அது காய்ந்த பிறகு நீலப்பச்சைச் சாயத்தைப் பால்போல் நீர்க்கவைத்துப் பள்ளங்களில் மட்டும் விடுங்கள். சில நிமிடத்தில் ஆயிரம் வருஷக் களிம்பு ஏறிவிடும். துணி எல்லாம் கரும்பழுப்பு, அதில் அலங்காரம் வேண்டாம். இந்தப் படைக்குக் கண்ணில் படுகிற நிறம் களிம்புப் பச்சை ஒன்றுதான். அதற்கு நேர் எதிர் நிறமான சிவப்பு அவர்கள் காலடியில் இருக்கப்போகிறது.

அந்தச் சிவப்புக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மெர்போக் போய் வாருங்கள், பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. புக்கிட் பத்து பஹாட் சண்டி (பழங்காலக் கோவில்) கிரானைட்டில் கட்டியது, சாம்பல் நிறம். பள்ளத்தாக்கின் மற்ற இடிபாடுகளில் செம்பூரான் கல்லும் செங்கல்லும் நிறைய. அந்தக் கல்லை வெயிலிலும் நிழலிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துளை துளையாக, ஓரத்தில் கறுத்து, நடுவில் ஆரஞ்சாக இருக்கும். சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளும் துருத்தியின் களிமண் குழாய்களும் கிடைத்திருக்கின்றன. ஒடிந்த குழாய் ஒன்றிரண்டை பேஸில் போட்டால் இடம் எது என்று தெரிந்தவருக்குத் தெரியும்.

பேஸ் செய்வது கைச்செலவு அதிகம் இல்லாத வேலை. கார்க் பலகையைப் பிய்த்து, பழைய பல்துலக்கியால் குத்தினால் செம்பூரான் கல். மணலை மீன்தொட்டிக் கடையில் வாங்கி வெள்ளைப் பசையில் ஒட்டுங்கள். உண்மையான செம்மண்ணையே அள்ளி ஒட்டலாமே என்று தோன்றும். பசை பட்டதும் அது கறுத்துச் சேறுபோல ஆகிவிடும், எப்படியும் மேலே சாயம் அடிக்கத்தான் வேண்டும். கருஞ்சிவப்பு, அதன்மேல் ஆரஞ்சு டிரை பிரஷ், கடைசியாக வெளிர் மஞ்சள் கொஞ்சம். காய்ந்த புல்லுக்குத் தேங்காய் நாரை அரை சென்டிமீட்டராக நறுக்கிக் கொத்தாக நடுங்கள். கடையில் விற்கிற பச்சைப் புல்லை இந்தப் படையில் வைத்தால் ஐரோப்பா வந்துவிடும். தோரணம் நின்ற இடத்தில் இரண்டு அடித்தூண் மட்டும் மிச்சமிருக்கிற மாதிரி ஒரு தனித்துண்டும் செய்துவையுங்கள், கைப்பற்ற வேண்டிய இலக்காக மேசையில் அதை வைக்கலாம்.

காசைப் பொறுத்தவரை, எலும்புக்கூடு ஒரு பெட்டி, ஏழெட்டுச் சாயக் குப்பி, நல்ல தூரிகை ஒன்று, மட்டமான தூரிகை இரண்டு, கத்தி, பசை. 800 வெள்ளியில் மிச்சம் இருக்கும், இருக்கட்டும். முதல் பன்னிரண்டு பேரை ஆறு ஆறாக உட்கார்ந்து, பேஸ் வரை முடித்துவிட்டு யானைக்குப் போங்கள். முடிக்காமல் அடுத்த பெட்டியைப் பிரித்தால் அம்மா கேட்கிற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

கோலாலம்பூருக்கு ஆட வரும்போது பஞ்சு பெட்டியில் அடைத்து எடுத்து வராதீர்கள், வேல் முனை எல்லாம் வளைந்துவிடும். பேஸின் அடியில் சின்னக் காந்தம் ஒட்டி, மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டியின் தரையில் மெல்லிய இரும்புத் தகடு போட்டால் ரயில் குலுங்கினாலும் நகராது. பெட்டியை வெயிலில் நிறுத்திய காடியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், அச்சடித்த பாகங்கள் வளைந்துவிடும். யானைத் தந்தத்தை மட்டும் பசையை நம்பி ஒட்ட வேண்டாம். இரண்டு பக்கமும் துளை போட்டு உள்ளே மெல்லிய பித்தளைக் கம்பி செருகி ஒட்டுங்கள். முதலில் ஒடிவது அதுதான்.